திரையில் ஓர் எழுத்து, தாளில் வேறோர் எழுத்து: எழுத்துரு எங்கே மாறுகிறது, தடுப்பது எப்படி

கணினித் திரையில் நேர்த்தியாக அமைத்த நோட்டீஸ், தாளில் வரும்போது எழுத்து மாறி, வரி உடைந்து, இரண்டாம் பக்கத்துக்கு வழிந்து நின்றால் முதலில் ஏச்சு வாங்குவது பிரிண்டர்தான். சேலத்தில் ஐந்து ரோட்டிலும் பழைய பஸ் நிலையத்தைச் சுற்றியும் உள்ள ஜெராக்ஸ், டிடிபி கடைகளில் இந்தப் பேச்சைத் தினமும் கேட்கலாம். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா நோட்டீஸ்கள் குவியும்போது இன்னும் அதிகமாகக் கேட்கலாம். பெரும்பாலான நேரங்களில் பிரிண்டரில் பழுது எதுவும் இருக்காது. கோப்பு கேட்ட எழுத்துரு (ஃபாண்ட்) வழியில் எங்கோ ஓரிடத்தில் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இருந்த மென்பொருளோ கருவியோ, தன் கையில் இருந்த வேறொன்றைப் போட்டு வேலையை முடித்துவிட்டது.

எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் திருத்துவது சில நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் டிரைவரை (கணினியில் இருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) நீக்கி மறுபடி நிறுவுவதும், டோனரை மாற்றுவதும், தாளை வீணாக்குவதும் குருட்டாம்போக்கு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே செல்கிறது.

கோப்பில் இருப்பது பெயர் மட்டும்

வேர்டில் நீங்கள் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து லதா எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால், கோப்பில் சேமிக்கப்படுவது எழுத்துகளின் குறியெண்களும் 'லதா' என்ற பெயரும்தான். எழுத்தின் வளைவும் தடிப்பும் கோப்புக்குள் போவதில்லை. அவை உங்கள் கணினியின் எழுத்துருக் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. மளிகைச் சீட்டில் 'மல்கோவா' என்று எழுதி அனுப்பினால் கடையில் அது இல்லாத நாளில் பங்கனபள்ளி வந்து சேர்வதைப் போல, வேறு கணினி அந்தப் பெயரைப் படித்துவிட்டுத் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறது. கேட்டது இல்லை என்று பெரும்பாலும் சொல்வதும் இல்லை.

இந்த மாற்றம் நான்கு இடங்களில் நடக்கலாம். முதலாவது, கோப்பைத் திறக்கும் மென்பொருள்: வேர்டு, பேஜ்மேக்கர், கோரல்டிரா, பிடிஎஃப் ரீடர் போன்றவை. இரண்டாவது, விண்டோஸ். அதன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) 'ஹெல்வெட்டிகா கேட்டால் ஏரியல் கொடு' என்பது போன்ற மாற்றுப் பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கிறது. மூன்றாவது, பிரிண்டர் டிரைவர். நான்காவதுதான் பிரிண்டர்.

திரையில் தெரிவது முதல் இரண்டு இடங்களைக் கடந்து வந்த வடிவம். ஆகவே திரையிலேயே எழுத்து மாறியிருந்தால் பிரிண்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் மாறினால், கடைசி இரண்டில் ஒன்றைத் தேட வேண்டும். இந்த ஒரு பிரிப்பே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

பிரிண்டருக்குள் குடியிருக்கும் எழுத்துகள்

பிரிண்டர் ஏன் தானாக எழுத்துருவை மாற்ற வேண்டும்? இதற்குப் பதில் 1980களில் இருக்கிறது. அடோபி நிறுவனம் 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியை, அதாவது பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழியை, வெளியிட்டது. 1985இல் அதைக் கொண்டு வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டருக்குள் 13 எழுத்துருக்கள் இருந்தன: டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் ஆகியவற்றில் நான்கு நான்கு, சிம்பல் ஒன்று. அடுத்த ஆண்டு வந்த லேசர்ரைட்டர் பிளஸ்ஸில் அது 35 ஆனது. அந்த 35 பின்னாளில் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர்களின் வழக்கமான பட்டியலாகவே நிலைத்தது. அந்தக் காலத்தில் கம்பி வழியாகத் தரவு மெதுவாகவே போகும். பிரிண்டரின் நினைவகமும் சிறியது. முழு எழுத்துருவையும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதைவிட, 'உன்னிடம் இருக்கும் டைம்ஸைப் போடு' என்று சொல்வது வேகமான வழியாக இருந்தது.

பிறகு 1992இல் விண்டோஸ் 3.1 ட்ரூடைப் எழுத்துருக்களோடு வந்தது. அதிலிருந்த ஏரியல், 1982இல் மோனோடைப் நிறுவனத்தில் ராபின் நிக்கலஸ், பாட்ரீசியா சாண்டர்ஸ் ஆகியோர் வடிவமைத்தது. அதன் ஒவ்வோர் எழுத்தும் ஹெல்வெட்டிகாவின் அதே எழுத்து எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். வடிவம் வேறு, அளவு ஒன்று. இந்த அளவுப் பொருத்தத்தால்தான் டிரைவர் ஏரியலுக்குப் பதிலாக பிரிண்டரின் ஹெல்வெட்டிகாவைப் போட்டாலும் வரி உடைவதில்லை. டைம்ஸ் நியூ ரோமனுக்கு டைம்ஸ், கூரியர் நியூவுக்குக் கூரியர் என்பதும் இதே கணக்குத்தான். லினக்ஸ் உலகில் லிபரேஷன் எழுத்துருக்கள் இதே வேலையைச் செய்கின்றன. காலிப்ரிக்குக் கார்லிட்டோ அப்படிப்பட்டது. அகலம் பொருந்தாத ஒன்று வந்து உட்கார்ந்தால்தான் அட்டவணை கலைந்து பக்கம் வழியும்.

கேட்ட எழுத்துரு பிரிண்டரில் இல்லாமலும் கோப்போடு வராமலும் போனால் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் பொதுவாகக் கூரியருக்குப் போகும். தாளில் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது போன்ற எழுத்து வந்தால் காரணம் இதுவே.

எச்பி நிறுவனத்தின் பிசிஎல் மொழி வேறு வழியில் போகிறது. அது எழுத்துருவைப் பெயரால் அழைப்பதைவிடக் குணங்களால் தேடுகிறது. முதலில் குறித்தொகுதி (எந்தெந்தக் குறிகள் அடங்கிய தொகுப்பு என்பது), பிறகு எழுத்திடை சமமா மாறுபடுவதா, அங்குலத்துக்கு எத்தனை எழுத்து, உயரம், சாய்வு, தடிப்பு என்று வரிசையாகச் சலிக்கும். எழுத்துருக் குடும்பம், அதாவது நாம் பெயர் சொல்லிக் கேட்பது, இந்த வரிசையில் அவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. முன்னுள்ள குணங்கள் பொருந்திய ஒன்று கிடைத்துவிட்டால் பெயர் பொருந்தாவிட்டாலும் அதுவே அச்சாகும். பழைய பில்லிங் மென்பொருள்களில் எழுத்து மாறுவதற்கான காரணத்தை இந்த வரிசையில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் உள்ள விலை குறைந்த லேசர், இங்க்ஜெட் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த எழுத்துருவே கிடையாது. கணினியே முழுப் பக்கத்தையும் புள்ளிகளாக மாற்றி அனுப்புகிறது. உங்களுடையது அந்த வகை என்றால் பிரிண்டருக்குள் எழுத்துரு மாறுவதற்கு வழியே இல்லை, கோளாறு கணினியில்தான்.

தமிழுக்கு மட்டும் உரிய தொல்லை

ஆங்கில ஆவணத்தில் எழுத்துரு மாறினால் அழகு கெடும், வரி நகரும். படிக்க முடியாமல் போவது அரிது. தமிழில் அப்படியில்லை. நம் டிடிபி கடைகளில் இன்றும் புழங்கும் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அவற்றில் ஒன்றான பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து ஆங்கிலக் குறிகள். ஜே இருக்கும் இடத்தில் 'த' வரையப்பட்டிருக்கிறது, கே இருக்கும் இடத்தில் 'ம', பி இருக்கும் இடத்தில் இகரக் கொக்கி, ஓ இருக்கும் இடத்தில் 'ழ', அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. பாமினி இல்லாத கணினி அந்த ஐந்து குறிகளையும் ஏரியலிலோ டைம்ஸிலோ அப்படியே போட்டுவிடும். கணினியைப் பொறுத்தவரை அதில் பிழை எதுவும் இல்லை. திருமணப் பத்திரிகையில் மணமகள் பெயர் வர வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை வந்து நிற்கும்.

இதைவிட ஏமாற்றுவது வேறொன்று. பாமினியில் அடித்ததை, வேறு குறியாக்கம் (எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாடு) கொண்ட இன்னொரு தமிழ் எழுத்துருவில் திறந்தால் தாளில் தமிழ் எழுத்துகளே வரும்; சொற்கள் மட்டும் உளறலாக இருக்கும். அவசரத்தில் மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் சரியாக இருப்பதாக எண்ணிவிடுவார்கள்.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தச் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் முடிவாயின. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதோடு டேஸ்16 என்ற குறியாக்கத்துக்கும் இடம் கொடுத்தது. யூனிகோடில் 'த' என்பது எந்தக் கணினியிலும் 'த'தான். எழுத்துரு மாறினாலும் சொல் மாறாது. புதிதாக எதையும் தட்டச்சு செய்பவர்கள் யூனிகோடில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'கொ' என்பது கோப்பில் ககரமும் ஒகரக் குறியும். தாளில் கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் திறன் மென்பொருளுக்கு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். பேஜ்மேக்கர் 7 போன்ற பழைய மென்பொருள்களுக்கோ யூனிகோடே தெரியாது, அதனால் அவற்றில் யூனிகோடு தமிழ் சரிவராது. இன்டிசைனில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தால் வரிசை சரியாகும்.

படி 1: தாளை முதலில் படியுங்கள்

எதையும் திறப்பதற்கு முன் கெட்டுப்போன தாளைக் கையில் எடுத்து, திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரையிலும் தாளிலும் ஒரே மாதிரி தவறாக இருக்கிறதா? அப்படியானால் படி 2, 3. திரையில் சரி, தாளில் மட்டும் தவறா? படி 4க்குப் பிறகு 5, 6.

தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலக் குறிகள் வந்திருந்தால், பழைய வகை எழுத்துரு அச்சிட்ட கணினியில் இல்லை. வெறும் பெட்டிகள் வந்திருந்தால், வந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்களே இல்லை. தமிழ் சரியாக இருந்து, தடிப்பும் அகலமும் மட்டும் மாறி, கடைசி வரி அடுத்த பக்கம் போயிருந்தால், ஒரு யூனிகோடு எழுத்துருவுக்குப் பதில் இன்னொன்று வந்திருக்கிறது. கொம்பு இடம் மாறியிருந்தால் அது எழுத்துருக் கோளாறே இல்லை, மேலே சொன்ன வரிசைக் கோளாறு.

ரூபாய்க் குறியையும் மறக்காமல் பாருங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலையில். யூனிகோடில் அது சேர்ந்தது அதே ஆண்டு அக்டோபரில். அதற்கு முன் தயாரான பிரிண்டர்களின் சொந்த எழுத்துருக்களில் அந்தக் குறி இருக்க வாய்ப்பில்லை. கொலுசுப் பட்டறை பில்லில் தொகை சரியாக வந்து, அதற்கு முன்னால் மட்டும் ஒரு பெட்டியோ வெற்றிடமோ இருந்தால், எழுத்துரு மாறிய இடம் எது என்பதற்கு அதுவே நல்ல துப்பு.

படி 2: கோப்பு என்ன கேட்கிறது என்று பாருங்கள்

இதை, அச்சிடப்போகும் கணினியில் செய்ய வேண்டும். உங்கள் கணினியில் எல்லா எழுத்துருவும் இருக்கும். அங்கே பார்த்துப் பயனில்லை.

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், 'ஷோ டாக்குமென்ட் கன்டென்ட்' பகுதியில் 'ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன்' பொத்தானை அழுத்துங்கள். எல்லாம் இருந்தால் மாற்று தேவையில்லை என்று சொல்லும். இல்லாவிட்டால் எது இல்லை, அதற்குப் பதில் எது போடப்பட்டிருக்கிறது என்று இரு வரிசையாகக் காட்டும். அங்கே 'கன்வெர்ட் பெர்மனென்ட்லி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது கோப்பில் உள்ள பழைய எழுத்துருப் பெயரையே அழித்து, மாற்றுப் பெயரை எழுதிவிடும்.

பேஜ்மேக்கரிலும் இதே ஆபத்து உண்டு. எழுத்துரு இல்லாத கோப்பைத் திறந்தால் 'பனோஸ்' முறைப்படி தேர்ந்தெடுத்த மாற்றுகளின் பட்டியலை அது காட்டும். எழுத்தின் தடிப்பு, கோட்டு வேறுபாடு, முனை வடிவம் முதலியவற்றைப் பத்து எண்களாக வகுத்து, நெருக்கமானதைத் தேடும் முறை அது. ஆங்கில எழுத்துக்காக வகுத்த அந்த எண்களால் எழுத்துருவின் தமிழ்க் குறியாக்கத்தை அறிய முடியாது. தற்காலிகம், நிரந்தரம் என்ற தேர்வு கேட்கும்போது எப்போதும் தற்காலிகத்தையே தேருங்கள். கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, எழுத்துருவை நிறுவிய பிறகு மீண்டும் திறங்கள். நிரந்தரம் என்று கொடுத்துச் சேமித்த கோப்பில் எந்தப் பத்தி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவலே போய்விடும். ஒரு கோவில் மலருக்கு இரவெல்லாம் செய்த பக்க அமைப்பு ஒரே சொடுக்கில் பாழாவது இப்படித்தான்.

பிடிஎஃப் கோப்பாக இருந்தால் அடோபி ரீடரில் கன்ட்ரோல், டி விசைகளை அழுத்தி 'ஃபாண்ட்ஸ்' தாவலைத் திறங்கள். ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கு எதிரேயும் 'எம்பெடட் சப்செட்' என்றோ 'எம்பெடட்' (எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள்) என்றோ இருக்க வேண்டும். அது இல்லாமல் கீழே 'ஆக்சுவல் ஃபாண்ட்' என்று வேறு பெயர் இருந்தால் மாற்றம் நடந்திருக்கிறது. அங்கே அடோபி சான்ஸ் எம்எம், அடோபி செரிஃப் எம்எம் என்ற பெயர்களைக் காணலாம். இல்லாத எழுத்துருவின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை இழுத்தும் சுருக்கியும் கொள்ளும் இரு எழுத்துருக்கள் அவை. ஆங்கிலத்தை ஓரளவு காப்பாற்றும், தமிழுக்கு உதவாது.

படி 3: கணினியில் எழுத்துருவைச் சரிசெய்யுங்கள்

இப்போது அதிகம் காண்பது இரண்டு சூழல்கள். ஒன்று லதா. விண்டோஸ் 2000 முதல் தமிழுக்கு வந்த லதாவில் பல ஆண்டுகள் ஆவணங்கள் தட்டச்சாயின. விண்டோஸ் 10 வந்தபோது லதாவும் விஜயாவும் விருப்பத் தொகுப்பாக ஒதுக்கப்பட்டன. இயல்பாக இருப்பது நிர்மலா யுஐ மட்டும். பழைய ஆவணத்தைப் புதிய கணினியில் திறந்தால் நிர்மலா வந்து உட்காரும். அகலமும் வரி உயரமும் வேறு என்பதால் பக்க எண்களே மாறிவிடும். பெரியார் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு கொடுக்கிறவர்கள் பொருளடக்கத்தை முடித்த பிறகு இப்படி நேர்ந்தால் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதிக்குப் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' தொகுப்பைச் சேர்த்தால் இரண்டும் திரும்பி வரும்.

மற்றது ஆப்டோஸ். வேர்டின் இயல்பு எழுத்துரு 2007 பதிப்பிலிருந்து காலிப்ரியாக இருந்தது. 2023இல் மைக்ரோசாஃப்ட் அந்த இடத்துக்கு ஆப்டோஸை அறிவித்தது. வீட்டில் புதிய வேர்டில் தயாரித்த சுயவிவரக் குறிப்பை, பழைய வேர்டு இருக்கும் கடையில் திறந்தால் ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாகலாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துரு தேவைப்பட்டால் கோப்பை அனுப்பியவரிடமே அந்த எழுத்துருக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் அளவு வேறுபட்ட பதிப்புகள் கைமாறிக்கொண்டிருப்பதால் இணையத்தில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். நிறுவிய பின் மென்பொருளை முழுதாக மூடித் திறந்தால்தான் சிலவற்றில் புதிய எழுத்துரு தெரியும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் நடுநடுவே இருந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கருவி அவற்றையும் பழைய தமிழ் என்று எண்ணி மாற்றியிருக்கும்.

எதில் புதிதாக அமைப்பது என்று கேட்டால், இலவசமாகக் கிடைப்பதும் எங்கும் நிறுவ உரிமையுள்ளதுமான யூனிகோடு எழுத்துருவைத் தேருங்கள் என்பேன். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் மருதம் ஆகியவை கைவசம் இருந்தாலே பெரும்பாலான வேலை நடக்கும்.

படி 4: எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வையுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மற்றவை பெரும்பாலும் தேவைப்படாது.

வேர்டு கோப்பாகவே கொடுக்க வேண்டியிருந்தால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் 'எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் தி ஃபைல்' பெட்டியில் குறியிடுங்கள். அதன்கீழ் இரண்டு துணைப் பெட்டிகள் உண்டு. பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் சேர்க்கும் பெட்டியைக் குறித்தால் கோப்பு சிறியதாகும். ஆனால் மறுமுனையில் ஒரு பெயரைத் திருத்த நேர்ந்தால் வேண்டிய எழுத்து இல்லாமல் போகலாம். பொதுவான கணினி எழுத்துருக்களைச் சேர்க்காதே என்ற பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

திருத்தம் எல்லாம் முடிந்துவிட்டதா? அப்படியானால் பிடிஎஃப் ஆக்குங்கள். வேர்டின் 'சேவ் ஆஸ்' வழியே பிடிஎஃப் தேர்ந்து, ஆப்ஷன்ஸில் பிடிஎஃப்/ஏ பெட்டியைக் குறியிடலாம். 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்று தரமாக்கப்பட்ட அந்த வகையில், பயன்படுத்திய எழுத்துரு எல்லாம் கோப்புக்குள் இருந்தே ஆக வேண்டும். ஆஃப்செட் அச்சகம் கேட்கும் பிடிஎஃப்/எக்ஸ் வகையிலும் இதே விதி. உருவான பிடிஎஃப்பைப் படி 2இல் சொன்னபடி திறந்து 'எம்பெடட்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்' கட்டளையால் ஒரே வரியில் பார்த்துவிடலாம்.

சில எழுத்துருக்கள் உள்ளே வர மறுக்கும். ஒவ்வோர் எழுத்துருவுக்குள்ளும் உட்பொதிக்க அனுமதி உண்டா இல்லையா என்று தயாரித்தவர் குறித்து வைத்திருப்பார். தடை இருந்தால் வேர்டு அந்த எழுத்துருவை விட்டுவிடும், அல்லது அந்த எழுத்துகளைப் படமாக மாற்றும். அப்போது வேறு எழுத்துருவுக்குப் போவதே நேர்மையான வழி.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் நடத்துகிறவர்கள் பொட்டல லேபிளை வீட்டிலேயே வடிவமைத்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு அச்சடிக்க வருவதுண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வந்த பிறகு எழுத்துரு இல்லை என்று தெரிந்தால் அன்றைய நாள் போயிற்று. அவர்களுக்கு நான் சொல்வது: கிளம்புவதற்கு முன் அந்தப் பிடிஎஃப்பைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். கைப்பேசியில் உங்கள் எழுத்துரு நிறுவப்பட்டிருக்காது. அங்கேயும் நீங்கள் வடிவமைத்தபடியே தெரிந்தால் எழுத்துரு கோப்போடு பயணம் செய்கிறது என்று பொருள்.

கடையில் பிடிஎஃப்பைக் கொடுக்கும்போது, "அண்ணா, எழுத்துரு இதிலேயே இருக்கிறது. வேர்டில் திறக்காமல் இப்படியே பிரிண்ட் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிடிஎஃப்பை வேர்டில் திறந்தால் அது மறுபடி திருத்தக்கூடிய ஆவணமாகி, மாற்றம் முதலிலிருந்து தொடங்கும்.

படி 5: டிரைவர்

பிடிஎஃப் சரி, திரையும் சரி, தாள் மட்டும் தவறு என்றால், முதலில் படமாக அச்சிட்டுப் பாருங்கள். அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' குறியிட்டால் எழுத்துரு என்ற பேச்சே இல்லாமல் பக்கம் முழுவதும் புள்ளிகளாகப் போகும். இப்போது தாள் சரியாக வந்தால், கோளாறு டிரைவரிலோ பிரிண்டரிலோ இருப்பது உறுதி. அவசரத்துக்கு இந்த வழியிலேயே வேலையை முடித்துவிடலாம். வேகம் குறையும், மிகச் சிறிய எழுத்து சற்று மங்கும்.

நிரந்தரமாகத் தீர்க்க, பிரிண்டர்கள் பட்டியலில் உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' திறந்து 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போங்கள். போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர்களில் 'ட்ரூடைப் ஃபாண்ட்' என்ற வரி இருக்கும். அது 'சப்ஸ்டிட்யூட் வித் டிவைஸ் ஃபாண்ட்' என்று இருந்தால் 'டவுன்லோடு ஆஸ் சாஃப்ட் ஃபாண்ட்' என்று மாற்றுங்கள். இனி கணினியில் உள்ள எழுத்துருவே பிரிண்டருக்குப் போகும். ₹ குறியும் கூடவே போகும். எல்லாவற்றையும் மாற்றாமல் ஓர் எழுத்துருவை மட்டும் சரிசெய்ய வேண்டுமென்றால் 'பிரிண்டர் பிராபர்ட்டீஸ்' திறந்து, 'டிவைஸ் செட்டிங்ஸ்' தாவலில் 'ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன் டேபிள்' என்பதை விரியுங்கள். ஏரியலுக்கு எதிரே ஹெல்வெட்டிகா என்று இருப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். அதை 'டோன்ட் சப்ஸ்டிட்யூட்' ஆக்கினால் போதும்.

இதே தாவலில் பிரிண்டரின் எழுத்துருக்களோடு யூரோ குறியைச் சேர்க்கவும் ஒரு வரி இருக்கும். பழைய எழுத்துருக்களில் யூரோ இல்லாததால் வந்த ஏற்பாடு அது. நம் ரூபாய்க்கு அப்படி ஒரு வரி அங்கே இல்லை. ஆகவே ₹ பயன்படுத்துகிற யாரும் சாஃப்ட் ஃபாண்ட் வழியையே பிடிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றால், அதே பிரிண்டருக்கு பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று இரண்டு டிரைவர்கள் கிடைக்கிறதா என்று பார்த்து, இன்னொன்றை நிறுவிச் சோதியுங்கள்.

படி 6: பிரிண்டரிடமே கேளுங்கள்

பல லேசர் பிரிண்டர்கள் தம்மிடம் உள்ள எழுத்துருக்களின் பட்டியலைத் தாமே அச்சிட்டுக் கொடுக்கும். கட்டுப்பாட்டுப் பலகையில் 'ரிப்போர்ட்ஸ்' பகுதியில் 'பிசிஎல் ஃபாண்ட் லிஸ்ட்', 'பிஎஸ் ஃபாண்ட் லிஸ்ட்' என்று இருக்கும். அந்தத் தாளை எடுத்துப் பிரிண்டருக்கு அருகிலேயே ஒட்டி வையுங்கள். அதில் தமிழ் எழுத்துரு எதுவும் இருக்காது என்பதையும் அப்போது பார்ப்பீர்கள். தமிழ் எப்போதும் கணினியிலிருந்து போயாக வேண்டிய சரக்கு.

பெரிய ஜெராக்ஸ் இயந்திரத்தில் பென் டிரைவை நேராகச் செருகி அச்சிடும்போது கணினியே இடையில் இல்லை. பிடிஎஃப்பை அந்த இயந்திரமே பிரித்துப் படிக்கிறது. எழுத்துரு உள்ளே இல்லாத பிடிஎஃப் அங்கே தப்பவே முடியாது.

பில் போடும் டாட் மேட்ரிக்ஸ்

செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் லாரி புக்கிங் அலுவலகங்களிலும் கார்பன் படி வேண்டும் என்பதற்காக டாட் மேட்ரிக்ஸ் இன்னும் ஓடுகிறது. இங்கே ஆலோசனையைத் தலைகீழாக்க வேண்டும். லேசரில் பிரிண்டரின் சொந்த எழுத்துருவைத் தவிர்க்கச் சொன்னேன். இங்கே அதையே பயன்படுத்துங்கள். டிராஃப்ட் 10 சிபிஐ என்று எழுத்துருப் பட்டியலில் தெரிவது பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்து. அங்குலத்துக்கு 10 எழுத்து, 8 அங்குல அகலத்தில் 80 எழுத்து. எடையும் விலையும் நேர்க்கோட்டில் நிற்கும், வேகமாகவும் வரும். ஏரியலில் அமைத்தால் பிரிண்டர் படம் வரைவது போல ஒவ்வொரு வரியிலும் ஊர்ந்து போகும், ரிப்பனும் சீக்கிரம் தேயும்.

தமிழில் கடைப்பெயர் வேண்டுமென்றால் தலைப்பை முன்கூட்டியே ஆஃப்செட்டில் அச்சடித்த பில் தாளை வாங்கிக்கொள்வது நல்லது. வாடிக்கையாளர் பெயரும் தமிழில் வர வேண்டும் என்றால் வேகத்தை விட்டுக்கொடுத்து கிராஃபிக்ஸ் முறைக்குப் போகத்தான் வேண்டும். டிராஃப்ட் எழுத்தில் தமிழைக் கேட்டால் கேள்விக்குறிகள்தான் வரும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பு

கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ செய்த பத்திரிகை, பேனர், லேபிள் ஆகியவற்றை வளைகோடுகளாக மாற்றிக் கொடுப்பது அச்சகங்களின் வழக்கம். கோரலில் கன்ட்ரோல், க்யூ. இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. எழுத்து வெறும் கோட்டு வடிவமாகிவிடுவதால் எழுத்துரு இல்லையென்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அதன்பின் ஒரு தேதியைக்கூடத் திருத்த முடியாது. மாற்றுவதற்கு முன் மூலக்கோப்பை வேறு பெயரில் சேமித்து வைப்பது கட்டாயம். எட்டுப் புள்ளிக்கும் சிறிய எழுத்துகள் வளைகோடாகும்போது சற்றுத் தடித்துத் தெரியும். பல பக்கப் புத்தகத்துக்கு இந்த வழி வேண்டாம். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்பே பொருத்தம்.

மொத்தமாக அச்சிடும் முன் ஒரே ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஒரு சோதனை வரி இருக்கட்டும்: 'ஸ்ரீ, க்ஷ, கொ, கோ, கௌ, ஞை, தூ, ₹ 1,250'. தடித்த எழுத்தில் அதே வரி இன்னொரு முறை. கொம்பு முன்னால் நிற்கிறதா, க்ஷ உடையாமல் வந்திருக்கிறதா, ₹ இருக்கிறதா, தடித்த எழுத்து உண்மையிலேயே தடித்த வடிவமா, அல்லது மெல்லியதை மென்பொருள் இழுத்துப் பூசியதா என்று அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். பிறகு ஏதேனும் ஒரு நீளமான பத்தியில் ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் முடிகிறது என்பதைத் திரையோடு ஒப்பிடுங்கள். எல்லா வரிகளும் ஒரே சொல்லில் முடிந்தால் சோதனை வரியை நீக்கிவிட்டு மொத்த எண்ணிக்கையைக் கொடுக்கலாம்.